காய்கறித் தோட்டத்தில் நிகழ்ச்சி நடத்துவது எப்படி? நிலம் கேட்பதிலிருந்து அறுவடையைப் பங்கிடுவது வரை

மலேசியாவின் பேரா மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டம் என்று சொன்னாலே செம்பனையும் பால்மரமும் (ரப்பர்)தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அதனால் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஓரத்தில் நாங்கள் நடத்தும் சமூகத் தோட்டத்தைக் காய்கறித் தோட்டம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வேலை நாள், பிள்ளைகள் நாள், உரப் பயிற்சி, அறுவடை நாள், பொங்கல் என்று வருஷம் முழுக்க நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் இடத்திலும், பிறகு உதவிக்குப் போன மற்றத் தாமான்களிலும் புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாரும் திறப்பு விழாவை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். வந்தவர்கள் கையால் ஒரே காலையில் 200 நாற்று நட்டோம், படம் எடுத்தோம். யார் தண்ணீர் ஊற்றுவது என்று யாரும் பேசவில்லை. இரண்டாவது வாரக் கடைசியில் முக்கால்வாசி நாற்று காய்ந்துபோயிருந்தது. நட்டவர்களில் பலர் அதற்குப் பிறகு வரவே இல்லை. தான் நட்ட செடி செத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களை மறுபடி கூப்பிடுவது ரொம்பச் சிரமம்.

ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஆள் கூப்பிடும் வேலை ஏழாவதாகத்தான் வருகிறது.

1. நிலத்துக்கு எழுத்தில் அனுமதி

காலியாகக் கிடக்கிறதே என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எஸ்டேட் நிலமென்றால் நிர்வாகத்திடமும், தாமானின் பொது இடமென்றால் நகராண்மையிடமும், பள்ளி நிலமென்றால் பள்ளி நிர்வாகத்திடமும் கடிதம் வாங்க வேண்டும். மானேஜர் வாயால் சொன்ன அனுமதி அவர் மாற்றலாகும் நாள்வரைதான் செல்லும்.

அரசு நிலமென்றால் மாவட்ட நில அலுவலகத்தில் டி.ஓ.எல். என்கிற தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த மாதம் எடுத்தாலும் அது அந்த வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி முடிந்துவிடும். ஜனவரியில் பொங்கல் வைக்கத் திட்டம் போட்டுவிட்டு உரிமத்தைப் புதுப்பிக்க மறப்பவர்கள் உண்டு. நவம்பரிலேயே அதைப் பார்த்துவிடுங்கள்.

மின்கம்பிக்கு அடியிலும் ஆற்றோரத்திலும் கிடைக்கும் இடத்தை எடுக்காமல் இருப்பது நல்லது. அந்த இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. மூன்று வருஷம் வளர்த்த முருங்கையை ஒரே நாளில் வெட்டச் சொல்லிவிடுவார்கள்.

2. விதைக்கு முன்னால் தண்ணீர்

குழாய் எங்கே, அது யார் மீட்டர், பில்லை யார் கட்டுவது என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே பாத்தி போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெரிய மனசோடு குழாயைக் கொடுப்பார். இரண்டு மாதம் கழித்துப் பில்லைப் பார்த்ததும் முகம் மாறும். அவரைக் குறை சொல்ல முடியாது. மாதம் இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று முதலிலேயே பேசிக் கொடுத்துவிட்டால் உறவு கெடாது.

மழைத்தண்ணீர் பிடிக்க நீலப் பீப்பாய் இரண்டு வையுங்கள். வாய்க்குக் கொசுவலை கட்டி, ரப்பர் வளையம் போட்டு இறுக்குங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக நம் ஊர் வெயிலில் 7 முதல் 10 நாள் போதும். உங்கள் இடத்தில் கொசுப்புழு கிடைத்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் வரும். அதைவிடப் பெரிய நஷ்டம் தாமான்காரர்களின் நம்பிக்கை. டிங்கி (டெங்கு) காய்ச்சல் வந்த வீட்டார் முதலில் கைகாட்டுவது உங்கள் பீப்பாயைத்தான்.

3. தண்ணீர் ஊற்றும் முறை

இது முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு இரண்டு பேர் என்று பதினான்கு இடங்களை ஒரு அட்டையில் எழுதுங்கள். ஒரே ஆளை இரண்டு நாளுக்குப் போடலாம், மூன்று நாளுக்கு வேண்டாம். நாளுக்கு ஒருவர் என்று வைத்தால், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று செடியும் காயும்.

வாட்ஸ்அப்பில் "யாராவது ஊற்றிவிடுங்கள்" என்று போடுவது வேலைக்கு ஆகாது. எல்லாரும் படிப்பார்கள், வேறொருவர் போவார் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் எஸ்டேட் ஆட்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் பேரைக் கூப்பிட்டு வேலை பிரித்தார்களே, அந்த முறைதான் இதற்குச் சரி. இன்றைக்கு நீங்கள், நாளைக்கு அவர் என்று பேரோடு சொல்ல வேண்டும்.

பதினான்கு இடமும் நிரம்பவில்லை என்றால் பாத்தியைக் குறையுங்கள். ஆறு பேர்தான் கிடைத்தார்கள் என்றால் நான்கு பாத்தி போதும். பச்சைப்பசேலென்று இருக்கும் நான்கு பாத்தியைப் பார்த்துத்தான் ஏழாவது ஆள் வருவார்.

4. மண்: சுண்ணாம்பு ஒருநாள், எரு வேறுநாள்

நீண்ட காலம் ரப்பரும் செம்பனையும் நின்ற மண் பெரும்பாலும் புளித்த (அமிலத்தன்மை கூடிய) மண்ணாக இருக்கும். அதில் கீரை போட்டால் மஞ்சளடித்து அங்குலக் கணக்கில் நின்றுவிடும். புதியவர்கள் உரம் போதவில்லை என்று நினைத்து மேலே மேலே போடுவார்கள். வேர் எடுத்துக்கொள்ள முடியாத மண்ணில் உரம் கொட்டிப் பயனில்லை.

அந்தப் புளிப்பைக் குறைக்க முதலில் டோலமைட் சுண்ணாம்பு. 1 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளமுள்ள பாத்திக்குச் சுமார் 1 கிலோ தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று வாரம் அப்படியே இருக்கட்டும். அதன் பிறகுதான் எரு. இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் கோழி எருவிலுள்ள தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கைச் சுடும் அந்த வாடை நீங்கள் கொடுத்த காசின் வாடை.

கோழி எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சூடில்லாமல், நாற்றமில்லாமல், மண் மாதிரி உதிர வேண்டும். பச்சை எரு நாற்றின் வேரைக் கருக்கிவிடும்.

பாத்தி அகலம் 1 மீட்டரைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்டினால் யாரும் பாத்திக்குள் கால் வைக்க மாட்டார்கள். நடைபாதைக்கு இரண்டடி விடுங்கள். நிகழ்ச்சி நாளில் முப்பது பேர் நடக்கப் போகிறார்கள் என்பதை இப்போதே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலையிலிருந்து செம்பனை வெறுங்குலை (பழம் எடுத்தபின் மிஞ்சும் குலை) லோரியில் கிடைக்கும். மண்ணை மூடிவைக்கும் மூடாக்குக்கு அருமையான பொருள், சாம்பல்சத்து நிறைந்தது. ஆனால் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவியலாகக் கிடந்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். அந்த வண்டு வளர்ந்து போய்க் குடைவது பக்கத்து எஸ்டேட்டின் செம்பனைக் குருத்தை. நிர்வாகம் கோபப்பட்டால் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

5. நாள் குறிப்பது: பின்னாலிருந்து எண்ணுங்கள்

மற்றப் படிகளில் கொஞ்சம் தவறினாலும் சமாளிக்கலாம். இதில் தவறினால் அறுவடை நாளன்று வந்தவர்களுக்குக் காட்ட வெறும் மண்தான் இருக்கும்.

முதலில் மனிதர்களின் நாட்காட்டி. கோயில் நிர்வாகத்தைக் கேட்டுத் திருவிழா, ஆடிக் கூழ் நாட்களையும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைக் கேட்டுப் பள்ளி விளையாட்டுப் போட்டி நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டிலும் ஆலையிலும் சம்பளம் மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிடும். அதற்கடுத்த சனி ஞாயிறில் குடும்பங்கள் ஈப்போவுக்குச் சாமான் வாங்கப் போவார்கள். அந்த வாரத்தைத் தவிருங்கள். பேராவில் ஞாயிற்றுக்கிழமைக் காலை நன்றாக அமையும். கெடாவில் நடத்துபவர்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் கணக்கு மாறும்.

அடுத்து மழை. நம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் நிகழ்ச்சியைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

மூன்றாவதாகச் செடியின் நாட்காட்டி. எங்கள் மண்ணில் நாங்கள் நம்பும் கணக்கு இது. கங்கோங் (ஒரு வகைத் தண்டுக்கீரை), முளைக்கீரை விதைத்து 25 முதல் 30 நாள். சாவி என்கிற கடுகுக்கீரை 30 முதல் 35. வெண்டையும் நீளப் பயற்றங்காயும் 45 முதல் 50. கத்தரி நாற்றங்காலில் ஒரு மாதம், நட்டபின் இன்னும் 60 முதல் 70 நாள். மிளகாய் அதையும் தாண்டும். மஞ்சள் 8, 9 மாதம்.

இப்போது எண்ணிப் பார்ப்போம். அறுவடை நாளை மெர்டேக்காவுக்கு (சுதந்திர தினம்) முந்தின நாளான ஆகஸ்ட் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரி விதை மே 22-ஆம் தேதி நாற்றங்காலில் விழ வேண்டும். வெண்டைக்கு 50 நாளோடு ஐந்து நாள் கூடுதலாக விட்டு ஜூலை 6. வெண்டை முந்தினால் கவலையில்லை, பறிக்கப் பறிக்கக் காய்க்கும். கீரை அப்படியில்லை, ஐந்து நாள் தள்ளினால் முற்றிவிடும். அதனால் ஒரு பாத்தி ஜூலை 31-லும் இன்னொன்று ஆகஸ்ட் 4-லும் விதையுங்கள். ஏதாவது ஒன்று அன்றைக்குச் சரியான பதத்தில் இருக்கும்.

மே மாதம் யாருக்கும் ஆகஸ்ட் ஞாபகம் வராது. எனவே இந்தத் தேதிகளை ஒரு அட்டையில் எழுதித் தண்ணீர் அட்டைக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுங்கள்.

எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் விதைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு வாரம் ஊருக்கே கீரை, அடுத்த ஒரு மாதம் ஒன்றுமில்லை. வாரம் ஒரு பாத்தி என்று போட்டால் எந்த நாளில் விருந்தாளி வந்தாலும் முளையும் இருக்கும், அறுவடையும் இருக்கும்.

6. முந்தின வாரச் சாமான்கள்

முப்பது பேர் வருவார்கள் என்றால் எட்டு மண்வெட்டி, பத்துக் கைக்கொத்து, ஆறு பூவாளி, நான்கு தள்ளுவண்டி வேண்டும். மண்வெட்டி குறைந்தால் இருபது பேர் கைகட்டி நிற்பார்கள். அப்படி நின்றவர்கள் அடுத்த முறை வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வீட்டில் கிடப்பதைப் பேர் எழுதிய டேப் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பேர் இல்லாமல் வந்த பாராங் கத்தியால் பெரிய மனஸ்தாபமே வந்திருக்கிறது.

கையுறை கண்டிப்பாக வேண்டும். எலி மூத்திரத்தால் மண்ணிலும் தேங்கிய நீரிலும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம், அது கையிலுள்ள சிறு வெட்டு வழியாக உள்ளே போகும். காயம் உள்ளவர்கள் கட்டுப் போட்டு, அதன் மேல் கையுறை மாட்டட்டும்.

ருக்குன் தெத்தாங்கா என்கிற அக்கம்பக்கத்தார் அமைப்பிடமோ கோயிலிலோ கேட்டால் கூடாரம், மேசை, நாற்காலி கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு முன்பே கேளுங்கள், கல்யாண மாதங்களில் எல்லாம் வெளியே போயிருக்கும். நடவு நுணுக்கம் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் மாவட்ட விவசாய இலாகாவுக்குக் கடிதம் எழுதலாம். அதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

7. கோத்தோங் ரோயோங் (கூட்டு வேலை) நாள்

அழைப்பில் "தோட்ட வேலைக்கு வாருங்கள்" என்று மட்டும் போட்டால் ஆள் வராது. என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன கொண்டுவர வேண்டும், போகும்போது கையில் என்ன கிடைக்கும் என்ற நான்கும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் அழைப்பு இளையவர்களுக்கு. பெரியவர்களை வீட்டு வாசலில் போய்த்தான் கூப்பிட வேண்டும். அதிலும் எஸ்டேட் லயத்தில் (வரிசை வீடுகளில்) வாழ்ந்த காலத்தில் வீட்டுக்குப் பின்னால் கீரையும் அவரையும் போட்டு வளர்த்த ஆயாக்களை நேரில் கூப்பிடாமல் விடாதீர்கள். நான் கற்றதில் பாதி அவர்கள் சொல்லிக் கொடுத்தது.

காலை 7.30-க்குத் தொடங்கி 10 மணிக்கு முடித்துவிடுங்கள். 10-க்கு மேல் வெயில் தலையில் இறங்கும், வயதானவர்களுக்கு மயக்கம் வரும். நடும் நாற்றும் அந்த வெயிலில் துவளும்.

உங்கள் குழு 6.45-க்கே அங்கே இருக்க வேண்டும். முதல் வேலை ஒரு நீளக் கம்போடு மூடாக்கு, பலகை, சாக்கு எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பது. செம்பனைப் பக்கம் எலி உண்டு, எலி இருக்கும் இடத்துக்கு நாகம் வரும். பாம்பைக் கண்டால் யாரும் கம்பைத் தூக்க வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டுப் பொதுத் தற்காப்புப் படையைக் கூப்பிடுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் 999.

7.30-க்கு ஆட்களை நிற்கவைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். ஐந்தே நிமிடம். நான்கு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே வேலை தெரிந்த ஒருவரைத் தலைவராக்குங்கள். முதல் குழு கொத்தும், இரண்டாவது எரு சுமக்கும், மூன்றாவது நடும், நான்காவது மூடாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றும். நடும் குழுவை அரைமணி தாமதமாக இறக்குங்கள். கொத்தாத பாத்தியில் நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் வேர் காய்கிறது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை ஒதுக்குங்கள். விதை பிரிப்பது, நாற்றுப் பை நிரப்புவது, வாழைநார் கிழிப்பது எல்லாம் இருக்கிறது. "நீங்க சும்மா உட்காருங்க பாட்டி" என்று சொல்லிவிட்டால் அவர் அடுத்த முறை வர மாட்டார்.

கீரை விதையைத் தனியாகத் தூவ விடாதீர்கள். ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு காய்ந்த மணல் கலந்தால்தான் கை நிறைய எடுத்தாலும் பரவலாக விழும். எறும்பு கீரை விதையை ஓரிரவில் அள்ளிப் போய்விடும். பாத்தி ஓரம் கொஞ்சம் அரிசிக் குருணையைத் தூவிவிட்டால் அதைச் சுமந்துகொண்டிருக்கும், நம் விதை தப்பும்.

9.45-க்கு எல்லாரையும் கூட்டித் தண்ணீர் அட்டைக்கு முன்னால் நிறுத்துங்கள். அந்த வாரத்துப் பேர்களை உரக்கப் படியுங்கள். சாப்பாடு அதற்குப் பிறகுதான். சாப்பிட்டு முடித்தால் ஆட்கள் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

சாப்பாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் வருகிறார்கள், வர வேண்டும். சமையலைச் சைவமாக வைத்துக்கொண்டு, பலகாரத்தை உள்ளூர் மலாய்க் கடையில் வாங்கிவிடுங்கள். யாருக்கும் தயக்கம் இருக்காது. தண்ணீருக்கு அவரவர் போத்தல். பிளாஸ்டிக் கோப்பை வாங்கினால் அடுத்த வாரம் புதரில் கிடந்து கொசு வளர்க்கும்.

8. பிள்ளைகள் நாள்

பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் வையுங்கள். கடைசி வாரத்தில் வைத்தால் முளைத்ததைப் பார்க்க அவர்கள் திரும்பி வர நேரமிருக்காது.

சின்னக் கைக்குப் பெரிய விதை. கங்கோங், வெண்டை, பயறு மூன்றும் போதும். கங்கோங் மூன்று நான்கு நாளிலேயே தலைகாட்டும். பிள்ளைகளின் பொறுமை அவ்வளவுதான், அதற்கேற்ற விதையைத் தேர்ந்தெடுங்கள். விதையை முந்தின இரவே ஊறவைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழைய மைலோ டின் கொடுங்கள். அடியில் ஆணியால் ஆறு ஓட்டையை நீங்களே முதலில் போட்டு, உள்விளிம்பைத் தட்டி மழுக்கிவையுங்கள். பேரை அவர்களே எழுதட்டும். பாத்தி ஓரங்களில் இடுப்பளவுக் கயிறு கட்டினால் ஓடுகிற கால் பாத்திக்குள் போகாது.

கத்தி, பூச்சிமருந்து, தண்ணீர்ப் பீப்பாய் மூன்றும் பூட்டுக்குள்ளோ மூடிக்குள்ளோ இருக்க வேண்டும். இருபது பிள்ளைகளுக்கு நான்கு பெரியவர்கள்.

9. உரம் தயாரிக்கும் பயிற்சி

பயிற்சி நாளன்று புதுக் குவியல் ஒன்றைப் போட்டுக் காட்டி, மூன்று மாதம் கழித்து உரமாகும் என்று சொல்லி அனுப்புவது வழக்கம். யாரும் வீட்டில் செய்து பார்ப்பதில்லை. கண்ணால் காணாததை எப்படி நம்புவார்கள்?

அதனால் மூன்று குவியலை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். அன்றைக்குப் போடுவது ஒன்று, ஒரு மாதம் ஆனது ஒன்று, மூன்று மாதம் ஆனது ஒன்று. நடுக் குவியலுக்குள் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி இரண்டு நிமிடம் கழித்து எடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி சுடும். அந்தச் சூட்டைத் தொட்டவர்கள் வீட்டுக்குப் போனதும் குவியல் போடுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

காய்ந்தது மூன்று கூடை, பச்சை ஒரு கூடை என்ற கணக்கில் அடுக்குங்கள். காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டைப்பெட்டி ஒரு பக்கம், காய்கறித் தோல், கோயில் மாலைப் பூ, புல் இன்னொரு பக்கம். மாலையிலுள்ள நைலான் நூலை உருவிவிட வேண்டும். குவியல் மூன்றடிக்கு மூன்றடியாவது இருந்தால்தான் சூடு ஏறும். மீன், இறைச்சி, எண்ணெய்ச் சோறு வேண்டாம், எலி வரும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். புரட்டும்போது வளைந்த வெள்ளைப் புழு தடியாக இருந்தால் அது நான் மேலே சொன்ன வண்டின் புழுவாக இருக்கலாம். பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.

10. அறுவடை நாளும் பங்கும்

இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லாப் பூச்சிமருந்தையும் நிறுத்துங்கள். தெளித்தபின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போத்தலில் அச்சிட்டிருப்பார்கள், அது இரண்டு வாரத்துக்கும் மேல் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நிகழ்ச்சிக்கு இலை ஓட்டையில்லாமல் அழகாக இருக்கட்டும் என்று முந்தின வாரம் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இலையைப் பிள்ளைகள் சாப்பிடப் போகிறார்கள். ஓட்டை இருந்தால் இருக்கட்டும்.

எப்படிப் பறிப்பது என்று முதலில் காட்டுங்கள். முளைக்கீரையை வேரோடு பிடுங்கினால் கதை முடிந்தது. தரையிலிருந்து நான்கு விரல் விட்டு, இரண்டு கணுவாவது நிற்கும்படி கிள்ளினால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி துளிர்க்கும். எங்கள் ஆயா ஒருவர் கத்தியே தொடமாட்டார். கட்டைவிரல் நகத்தைத் தண்டில் வைத்து லேசாக மடக்குவார். 'டக்'கென்று ஒடிந்தால் இளசு, கட்டில் சேரும். நார் இழுத்தால் அந்தச் செடியை விதைக்கு விட்டுவிட்டு அடுத்ததுக்கு நகர்வார். வெண்டைக்கும் அதே சோதனை, நுனியை ஒடித்துப் பார்த்தால் தெரியும். இதைப் புதியவர்களுக்குப் பத்து நிமிடம் காட்டினால் போதும், பாத்தி பிழைக்கும்.

பங்கில்தான் சண்டை வரும். "வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். முதலில் வந்தவர் மூன்று பை நிரப்புவார், மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியவர் கடைசியில் வெறுங்கையோடு நிற்பார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் திங்கட்கிழமை தண்ணீருக்கு வர மாட்டார்.

நாங்கள் செய்வது இது. பறித்தது எல்லாம் ஒரே மேசைக்கு வரும். தராசில் நிறுத்து, வாழைநாரால் கட்டி, ஒரே அளவுக் கட்டுகளாக்குவோம். பாதி, தண்ணீர் அட்டையில் பேர் உள்ளவர்களுக்கு. கால் பங்கு, வர முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும். மீதிக் கால் பங்கு விற்பனைக்கு, அந்தக் காசு விதைக்கும் தண்ணீர் பில்லுக்கும். இந்த விகிதத்தை அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே கூட்டத்தில் பேசி எழுதிவையுங்கள். காய் கண்ணில் பட்ட பிறகு பேசினால் பேச்சு முடியாது.

விற்ற காசை எண்ண இரண்டு பேர் வேண்டும், ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. அன்று மாலையே தொகையைக் குழுவில் போட்டுவிடுங்கள்.

முதியவர்கள் பங்கை அவர்கள் வாசலில் கொண்டுபோய்க் கொடுங்கள். போன முறை நான் ஒரு வீட்டுக்குப் போனேன்.

"ஆயா, இது உங்க கட்டு."

"எனக்கெதுக்குய்யா இவ்ளோ, நான் ஒருத்திதானே. பாதிய அடுத்த வீட்டு மலாய்க்காரம்மாவுக்குக் குடு. அவங்க வீட்ல பிள்ளைங்க நிறைய."

அடுத்த வேலை நாளில் அந்த மலாய்க்கார அம்மாள் மகனோடு வந்து செராய் (எலுமிச்சைப்புல்) பாத்தியை எடுத்துக்கொண்டார். இப்போதும் அது அவர் பொறுப்புத்தான்.

11. பொங்கல்

தை முதல் நாள் ஜனவரி 14-லோ 15-லோ வரும். ஆனால் வேலை மே மாதமே தொடங்குகிறது. முளைவிட்ட விதை மஞ்சளை மே முதல் வாரம் நட்டால், ஜனவரியில் இலை பச்சையாக இருக்கும்போதே கிழங்கோடு பிடுங்கிப் பானையில் கட்டலாம். கடையில் வாங்கி வந்து கட்டுவதற்கும் தாமான் பிள்ளைகள் தாங்களே பிடுங்கிய கொத்தைக் கட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் தெரியும். கரும்புக்கு இடம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அதை வாங்கிக்கொள்ளலாம்.

தை முதல் நாள் காலை அவரவர் வீட்டில் பொங்கல் வைப்பார்கள். எனவே பொதுப் பொங்கலை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். தைப்பூசம் அதே வாரத்தில் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் பாதிப் பேர் ஈப்போவிலும் பினாங்கிலும் இருப்பார்கள்.

அடுப்பு, புல் செதுக்கிய வெறுந்தரையில் இருக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் நம் பக்கம் புல் காய்ந்திருக்கும், காய்ந்த செம்பனை மட்டை நொடியில் பற்றும். அடுப்புக்கு ஐந்தடிக்குள் மூடாக்கு வேண்டாம், இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஆறிய சாம்பலைக் கத்தரிப் பாத்திக்குப் போடலாம், கொஞ்சமாக.

12. முடிந்த அன்று மாலையும் மறுநாளும்

கருவிகளை அன்றைக்கே கழுவித் துடைத்து எண்ணுங்கள். மண் ஒட்டிய மண்வெட்டி ஒரு வாரத்தில் துருவேறும். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர் தேங்கும் தட்டு, டின், தேங்காய் மட்டை எல்லாவற்றையும் கவிழ்த்துப் போடுங்கள். அதன் பிறகு வாரம் ஒருநாள் இந்தச் சுற்று தவறக் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எது தீர்ந்துபோனது, எது மிஞ்சியது, எந்தப் பாத்தி எத்தனை நாளில் தயாரானது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நான் மேலே கொடுத்த நாட்கணக்கு எங்கள் மண்ணுக்கானது. இரண்டு பருவம் எழுதினால் உங்கள் மண்ணின் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

வர முடியாமல் போனவர்களில் இரண்டு பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரியுங்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவரைத் தண்ணீர் அட்டையில் பழைய ஆள் ஒருவரோடு ஜோடி சேருங்கள். மறுநாள் காலை, அறுத்த கங்கோங் பாத்தியைக் கிளறி எரு போட்டு, ஊறவைத்த விதையை வரிசையாக ஊன்றிவிடுங்கள். 28 நாளில் அது அடுத்த நிகழ்ச்சிக்குத் தயாராக இருக்கும்.